ஆறு வயதுப் பையனுக்கு அந்தப் படம் வேண்டாம். அதற்காகப் படத்தைக் குறை சொல்லவும் வேண்டாம்

மண்டபத்திலிருந்து ஒரு தாய் எழுதிக் கேட்டிருக்கிறார். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் அவர் கணவர், கொழுந்தனார், தம்பி மூன்று பேரும் கடலுக்குப் போகாமல் வீட்டில் இருக்கிறார்கள். தம்பி, ஜாக் ஸ்னைடர் இயக்கி 2016-இல் வந்த 'பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன்' படத்தின் தீவிர ரசிகர். ஒரு நாள் ராத்திரி 11 வயது மருமகளையும் 6 வயது மருமகனையும் பக்கத்தில் உட்கார வைத்து அந்தப் படத்தைப் போட்டுக் காட்டிவிட்டார். பெண் கடைசி வரை அசையாமல் பார்த்தாள். பையன் பாதியில் அலறி எழுந்து ஓடினான். அப்புறம் கடைசியில் திரும்பி வந்து சூப்பர்மேனைப் புதைப்பதையும் பார்த்துவிட்டான். நான்கு நாளாகத் தனியே படுக்க மாட்டேன் என்கிறான். "சூப்பர்மேன் செத்துட்டாரா, திரும்பி வருவாரா" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான்.

வீட்டில் இதை வைத்துச் சண்டை. மாமா சொல்கிறார்: "யு/ஏ படம்தானே, அப்பத்தா சொன்ன கதையில இல்லாத ரத்தமா?" சித்தப்பா சொல்கிறார்: "குழந்தை பார்க்க முடியாத சூப்பர்மேன் படம் ஒரு படமா?" யார் சொல்வது சரி, பையனை என்ன செய்வது என்பது அந்தத் தாயின் கேள்வி.

நான் இந்தக் கடற்கரைப் பள்ளிகளில் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியையாக இருக்கிறேன். சிவகாசியிலிருந்து வந்த காமிக்ஸ் படித்து வளர்ந்தவள். இந்தப் படத்தை நான்கு முறை பார்த்திருக்கிறேன், எனக்கு மிகவும் பிடிக்கும். அதனால் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தங்கச்சி. உங்கள் தம்பி பையனுக்குக் காட்டியது தவறு. அந்தத் தவறை வைத்துப் படத்தைக் குப்பை என்று உங்கள் கொழுந்தனார் சொல்வதும் தவறு.

முதலில் பையனின் தூக்கம். அவன் எந்த இடத்தில் எழுந்து ஓடினான் என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் எனக்கு ஓர் ஊகம் உண்டு. பேட்மேனின் உண்மைப் பெயர் புரூஸ் வெய்ன். அவன் தன் தாயின் கல்லறைக்குப் பூக்களோடு போகிறான். கல்லின் இடுக்கிலிருந்து ரத்தம் கசிகிறது. அதை உடைத்துக்கொண்டு வவ்வால் உருவம் ஒன்று பாய்கிறது. கனவுக் காட்சிதான், சில நொடிகள்தான். பெரியவர்களே நாற்காலியில் துள்ளுவார்கள். அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜோன் கேன்டர் என்ற ஆய்வாளர் குழந்தைகளின் பயத்தைப் பற்றியே பல ஆண்டுகள் ஆராய்ந்தார். 1970-களின் கடைசியில் ஓடிய ஹல்க் தொலைக்காட்சித் தொடரை வைத்தும் பார்த்தார். சாதாரண மனிதர் பச்சை உருவமாக மாறும் இடத்தில் மிகச் சிறிய குழந்தைகள் மிகவும் பயந்தார்கள். ஹல்க் நல்லவன், காப்பாற்றத்தான் வருகிறான் என்பது அவர்களுக்கு உதவவில்லை. கொஞ்சம் பெரிய பிள்ளைகள் அந்த இடத்தில் அவ்வளவாகப் பயப்படவில்லை. அதற்கு முன்பு, அந்த மனிதர் ஆபத்தில் மாட்டியபோது பயந்தார்கள். சின்ன வயதில் பயம் கண் வழியாக வருகிறது. வளர வளரத்தான் கதை வழியாக வருகிறது.

அதனால்தான் "அது நெசம் இல்லடா, கம்ப்யூட்டர்ல செஞ்சது" என்று நீங்கள் சொல்லியும் அவன் தூங்கவில்லை. அந்தச் சமாதானம் உங்கள் மகளுக்கு எடுபடும். அவனுக்குக் கொஞ்ச நாள் பக்கத்தில் படுத்துக்கொள்ளுங்கள், விளக்கைப் போட்டு வையுங்கள், குடிக்க ஏதாவது கொடுங்கள், அந்த வவ்வாலைப் பகலில் ஒரு தாளில் வரையச் சொல்லுங்கள். கேன்டரின் ஆய்விலும் சிறு குழந்தைகளுக்குப் பேச்சை விட அணைப்பும் போர்வையும்தான் கைகொடுத்தன. "ஆம்பளைப் பிள்ளை பயப்படலாமா" என்று மட்டும் வீட்டில் யாரையும் சொல்ல விடாதீர்கள். அதைக் கேட்ட பிள்ளை பயத்தை விடாது, பயத்தைச் சொல்வதை விட்டுவிடும்.

சரி, சான்றிதழுக்கு வருவோம். உங்கள் தம்பி யு/ஏ என்பதை அனுமதிச் சீட்டு மாதிரி பிடித்துக்கொண்டிருக்கிறார். 1952-ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டத்தின் கீழ் நம் நாட்டில் முதலில் யு, ஏ என்று இரண்டு வகைதான் புழக்கத்தில் இருந்தன. 1983-இல்தான் நடுவில் யு/ஏ வந்தது. 12 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை பார்க்கலாமா என்பதைப் பெற்றவர்கள் முடிவு செய்யட்டும் என்பதே அதன் பொருள். அதாவது தணிக்கை வாரியம் முடிவு செய்யவில்லை, முடிவை உங்கள் கையில் கொடுத்திருக்கிறது. 2023-இல் சட்டத்தைத் திருத்தி 7, 13, 16 என்று வயது போட்டு மூன்றாகப் பிரித்தார்கள். 2016-இல் வந்த படத்துக்கு அந்தப் பிரிவு கிடையாது. இன்று வந்திருந்தால் 7 என்று போட்டிருக்கவே மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

இன்னொன்றை யாரும் கவனிப்பதில்லை. இந்தப் படம் இரண்டு வடிவத்தில் இருக்கிறது. தியேட்டரில் ஓடியது இரண்டரை மணி நேரம். பிறகு டிஸ்க்கில் வந்த விரிவான வடிவம் மூன்று மணி நேரத்தைத் தாண்டும். அமெரிக்காவில் முதல் வடிவத்துக்கு பிஜி-13, அதாவது 13 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். இரண்டாவதற்கு ஆர். ஆர் என்றால் 17 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பெரியவர் துணையில்லாமல் பார்க்கக் கூடாது. கதை புரிவதற்கு நீளமான வடிவம்தான் நல்லது, ரசிகர்கள் அதைத்தான் தேடிப் போடுவார்கள். உங்கள் தம்பி போட்டது எது என்று படத்தின் நேரத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். மூன்று மணி நேரம் ஓடியது என்றால் அவர் சொல்லும் சான்றிதழ் அந்தப் படத்துக்கு உரியதே அல்ல.

சான்றிதழ் எதை அளக்கிறது என்பதையும் யோசிக்க வேண்டும். 2025-இல் வந்த புதிய சூப்பர்மேன் படத்தில் நம் வாரியம் முத்தக் காட்சியில் கைவைத்தது. முத்தத்தை நொடிக் கணக்கில் அளக்க முடியும். ஒரு குழந்தை தனக்குப் பிடித்த ஆளை இன்னொரு பிடித்த ஆள் காலால் மிதித்துக் கன்னத்தில் கீறுவதைப் பார்க்கும்போது அதற்குள் என்ன நடக்கிறது என்பதை எந்த வாரியம் எப்படி அளக்கும்?

எனக்கு இந்தப் படத்தில் அடிதடியின் அளவு பெரிய கவலை இல்லை. நம் ஊர்ப் படங்களில் இதை விட அதிகமாகவே வெட்டிக்கொள்கிறார்கள். கவலை வேறு. பேட்மேன் இதில் பிடிபட்டவர்களுக்குச் சூடு வைக்கிறார். வவ்வால் சின்னத்தைப் பழுக்கக் காய்ச்சி உடம்பில் பதிக்கிறார். சூடு என்றால் என்ன என்று நம் பிள்ளைகளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. தோசைக்கரண்டியைக் காட்டி மிரட்டாத வீடு எத்தனை இருக்கிறது? என் வகுப்பில் கையில் தழும்போடு வந்த பிள்ளைகள் உண்டு. பெரியவர்கள் அந்தக் காட்சியில் "இவர் தடம் மாறிவிட்டார்" என்று புரிந்துகொள்வார்கள், படமும் அதைத்தான் சொல்கிறது. ஆறு வயதுக்கு அந்தச் சுற்றுவழி கிடையாது. நல்லவர் சூடு வைக்கிறார், அப்படியென்றால் சூடு வைப்பது நல்லது. அவ்வளவுதான் அதன் கணக்கு.

நான் சும்மா சொல்லவில்லை. 2017-இல் சாரா கோய்ன் என்ற ஆய்வாளரும் அவருடன் இருந்தவர்களும் 240 சிறு பிள்ளைகளைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். சூப்பர்ஹீரோக்களில் அதிகம் ஊறிய பிள்ளைகள் ஓராண்டு கழித்து அடிப்பதில் கூடியிருந்தார்கள். அடிபடும் இன்னொரு பிள்ளைக்காகக் குறுக்கே நிற்பதில் கூடவில்லை. சிறு பிள்ளைகளுக்கு முஷ்டி மட்டும் கண்ணில் படுகிறது, அது யாருக்காக ஓங்கியது என்பது படுவதில்லை. ஆனால் அதே 2017-இல் வெளியான வேறொரு ஆய்வில், சலிப்பான வேலை ஒன்றைக் கொடுத்தபோது, தன்னைப் பேட்மேன் மாதிரியான ஒரு பாத்திரமாக நினைத்துக்கொண்ட நான்கு வயது, ஆறு வயதுப் பிள்ளைகள் மற்றவர்களை விட அதிக நேரம் அதில் நின்றார்கள். ஆகவே வேஷம் போடட்டும், துண்டைத் தோளில் கட்டிக்கொண்டு மணலில் ஓடட்டும். அதை நிறுத்தச் சொல்ல மாட்டேன்.

அப்பத்தா கதைக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் தம்பி சொன்னதில் கனமான பேச்சு இதுதான். இரணியனின் குடலை நரசிம்மர் மாலையாகப் போட்ட கதையை நாங்களும் ஐந்து வயதில் கேட்டோம். ராமேசுவரத்தில் பிறந்த பிள்ளைக்கு ராவணன் தலை பத்தும் உருண்ட கதை தெரியாமல் இருக்குமா? ஆனால் என் அப்பத்தா அந்தக் கதையைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்வார். என் கண் விரிந்தால் குரலைத் தாழ்த்துவார், நான் நெருங்கி உட்கார்ந்தால் குடலை விட்டுவிட்டுப் பிரகலாதனிடம் போய்விடுவார். இரணியனுக்கு என்ன உருவம் என்பதையும் நான்தான் தீர்மானித்தேன். என்னால் தாங்க முடிந்த அளவுக்குத்தான் அவன் என் மனசில் வளர்ந்தான். படம் நம் முகத்தைப் பார்க்காது. உங்கள் தம்பியாவது அன்றைக்குப் பார்த்திருக்கலாம். அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரசிகர்கள் எல்லாரும் செய்வதுதான், நானும் செய்வேன். பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மட்டும் அப்படிச் செய்யக் கூடாது.

இனி கொழுந்தனார். சூப்பர்மேன் குழந்தைகளின் சொத்து, அவரை இருட்டில் தள்ளியது துரோகம் என்கிறார். இந்தக் கோபம் எனக்கும் தெரியும். ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் 1938-இல் சூப்பர்மேனைக் கொண்டுவந்தபோது அது பத்து சென்ட் விலைக்குச் சிறுவர்கள் வாங்கிய இதழ். ஆனால் அடுத்த ஆண்டே வந்த பேட்மேன் தொடக்கத்தில் துப்பாக்கி வைத்திருந்தார், சிலரைக் கொன்றும் இருக்கிறார். 1940-இல் ராபின் என்ற சிறுவன் சேர்ந்த பிறகுதான் கதை மெல்ல வெளிச்சத்துக்கு வந்தது. 1954-இல் காமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று அமெரிக்க செனட் வரைக்கும் விசாரணை போய், பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு கட்டுப்பாட்டு விதித்தொகுப்பு போட்டுக்கொண்டார்கள். 1992-இல் 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' வந்தபோது மெக்டொனால்ட்ஸ் சிறுவர் சாப்பாட்டோடு அதன் பொம்மையைக் கொடுத்தது. படம் இத்தனை இருட்டாக இருக்கிறதே என்று பெற்றோர்கள் சண்டைக்குப் போனார்கள். அடுத்த படத்துக்கு இயக்குநரே மாறினார். உங்கள் வீட்டுத் திண்ணையில் நடக்கும் சண்டைக்கு எண்பது வயதுக்கு மேல் ஆகிறது.

நமக்கும் இது புதிதில்லை. காமிக்ஸில் வரும் இரும்புக்கை மாயாவி மின்சாரத்தைத் தொட்டால் இரும்புக்கை தவிர உடம்பெல்லாம் மறைந்துபோகும். அதைப் படித்துவிட்டு என் அண்ணன் ஒன்பது வயதில் ஒரு கம்பியைப் பிளக் ஓட்டைக்குள் விடப் போனான். அம்மா பார்த்துக் கையைத் தட்டிவிட்டார். 1997-இல் தூர்தர்ஷனில் சக்திமான் தொடங்கிய பிறகு, அவர் வந்து காப்பாற்றுவார் என்று நம்பிப் பிள்ளைகள் ஆபத்தில் இறங்கியதாகச் செய்திகள் வந்தன. நடித்த முகேஷ் கன்னாவே நிகழ்ச்சியில் வந்து அப்படிச் செய்யாதீர்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது. சக்திமான் முழுக்க முழுக்கக் குழந்தைகளுக்காக எடுத்தது, அதில் சூடு வைக்கும் கதாநாயகன் இல்லை. வெளிச்சமான கதையும் கூடப் பக்கத்தில் ஒரு பெரியவர் இல்லாமல் பிள்ளை கைக்குப் போனால் ஆபத்துதான்.

என் குறையெல்லாம் விற்றவர்கள் மேல்தான். இயக்குநர் பெரியவர்களுக்கான துக்கத்தை எடுத்தார். அதே படத்தின் பெயரில் சின்னப் பிள்ளைகளுக்குப் பொம்மை விற்றார்கள். சூப்பர்மேன் படம் போட்ட சட்டையும் பள்ளிப்பையும் ராமநாதபுரம் கடைத்தெரு வரைக்கும் தொங்குகின்றன. சட்டையில் இருப்பவர் படத்திலும் நம்மவர்தான் என்று உங்கள் பையன் நம்பிப் போய் உட்கார்ந்தான். அவனைக் குறை சொல்ல முடியுமா?

படத்துக்காக ஒன்று பேசியே ஆக வேண்டும். ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்து நிற்கும் இடம் அந்த மார்த்தா காட்சி. பேட்மேன் ஈட்டியை ஓங்கிவிட்டார். கீழே கிடக்கும் சூப்பர்மேன் "மார்த்தாவைக் காப்பாற்று" என்கிறார், தன் தாயைத்தான் சொல்கிறார். பேட்மேனின் இறந்துபோன தாயின் பெயரும் மார்த்தா. கை நின்றுவிடுகிறது. அம்மா பேர் ஒன்றானதும் நண்பர்களாகிவிட்டார்களா என்று உலகமே கிண்டல் செய்தது, உங்கள் கொழுந்தனாரும் செய்திருப்பார். நான் இதை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு முறை பேசினேன். தங்கச்சிமடத்துப் பையன் ஒருவன் எழுந்தான். அவர்கள் தெருவிலேயே மார்த்தா என்று ஒரு பாட்டி இருக்கிறார். "அதுவரைக்கும் அவரை வேற்றுக்கிரகத்து ஆளுன்னு நினைச்சாரு டீச்சர். அம்மா பேரைச் சொன்னதும் இவனும் ஒருத்தி பெத்த புள்ளைன்னு தெரிஞ்சுபோச்சு" என்றான். படகின் முகப்பில் அம்மா பெயரை எழுதும் ஊரில் பிறந்த பிள்ளைக்கு அது புரிந்தது. காட்சியை அவசரமாக எடுத்திருக்கிறார்கள், ஒத்துக்கொள்கிறேன். அதற்குள் இருக்கும் எண்ணம் பெரியது, கிண்டலுக்குரியது அல்ல. அதற்குப் பதினான்கு வயது வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

அதே வகுப்பில் இன்னொரு பெண். தொடக்கத்தில் கட்டிடம் இடிந்து தெரு முழுக்கப் புழுதியாக இருக்கும் காட்சியில், புரூஸ் ஒரு சிறுமியை இழுத்துக் காப்பாற்றி உன் அம்மா எங்கே என்று கேட்கிறான். அவள் பதில் பேசாமல் இடிந்த கட்டிடத்தை நோக்கி விரலை நீட்டுகிறாள். மண்டபம் இலங்கை அகதிகள் முகாமிலிருந்து வந்த அந்த மாணவி, "எங்கட அம்மம்மா சொன்ன மாதிரியே இருக்கு" என்று மட்டும் சொன்னாள். அதற்கப்புறம் அன்றைக்கு அவள் பேசவில்லை. 1964 புயலில் தனுஷ்கோடியில் எல்லாரையும் இழந்தவர்களின் பேரப் பிள்ளைகளும் என் வகுப்புகளில் இருந்திருக்கிறார்கள். எந்த வயதுக்கு எந்தப் படம் என்று பேசும்போது, எந்த வீட்டுப் பிள்ளை என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது இந்தக் கடற்கரையில்.

உங்கள் மகளைப் பற்றி எனக்குப் பெரிய பயம் இல்லை. 11 கொஞ்சம் முந்திதான், நானாக இருந்தால் 13 வரை பொறுத்திருப்பேன். பார்த்துவிட்டாள், சரி. அசையாமல் பார்த்தாள் என்று எழுதியிருக்கிறீர்கள், அதை மட்டும் தைரியம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பகலில், வேலைக்கு நடுவே, எந்த இடம் பிடிக்கவில்லை என்று கேளுங்கள். பேட்மேன் செய்தது சரியா என்று அவளையும் மாமாவையும் வாதாட விடுங்கள். அந்தச் சண்டை நல்ல சண்டை. பையனுக்கு ஏதாவது காட்டத்தான் வேண்டும் என்றால் 1999-இல் வந்த 'தி அயர்ன் ஜயன்ட்' கார்ட்டூனைப் போடுங்கள், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்துகொள்ளுங்கள். ஒரு இரும்பு ராட்சதன் ஆயுதமாக இருக்க மாட்டேன், சூப்பர்மேனாக இருப்பேன் என்று தானே தேர்ந்தெடுக்கும் கதை. சித்தப்பாவுக்குக் கண் கலங்கும், பாருங்கள்.

கடைசியாக, "திரும்பி வருவாரா" என்ற கேள்வி. படத்தின் கடைசி நொடியில் சவப்பெட்டி மேல் கிடக்கும் மண் மெல்ல மேலே எழும்புகிறது. அடுத்த படத்தில் அவர் வந்துவிடுகிறார். இதை அவனிடம் சொல்லிவிடுங்கள், மறைக்க வேண்டாம். ஆனால் கதையில்தான் அப்படி என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் கடலுக்குப் போன அப்பா திரும்பாத ஒரு பையன் என் வகுப்பில் இருந்தான். உடலும் கிடைக்கவில்லை. இந்தப் படத்தை எங்கோ பார்த்துவிட்டு வந்து, "மண்ணுல புதைச்சவருக்கு மண்ணு எழும்புச்சு டீச்சர், கடல்ல போனவங்களுக்கு எது எழும்பும்?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. மணி அடிக்கும் வரை அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

உங்கள் பையன் சூப்பர்மேனைப் பற்றித்தான் கேட்கிறான் என்று நினைக்கிறீர்கள். அவன் வீட்டிலிருந்து மூன்று பேர் கடலுக்குப் போகிறவர்கள். ஜூன் 14 ராத்திரியோடு தடை முடிகிறது. படகு இறங்குவதற்கு முன்னால் அவன் அப்பாவையே அவனோடு உட்கார்ந்து இதைப் பேசச் சொல்லுங்கள்.